வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது: பினாங்குத் தாத்தா பாட்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மெல்பர்னிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் குடியேறிவிட, பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஆயர் ஈத்தாமிலோ சொந்த வீட்டில் வாழ்ந்துவரும் தாத்தா பாட்டிகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையோ ஈராண்டுக்கு ஒருமுறையோ பேரப்பிள்ளைகள் வரும் அந்த இரண்டு மூன்று வாரங்களில், வாடகை வேனின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, மற்றவர்கள் முடிவு செய்த இடங்களுக்கெல்லாம் போய், கால் வீங்கிப்போய் வீடு திரும்பும் பெரியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. திட்டம் போடும் வேலை பெரியவர்களின் கையைவிட்டுப் போனதுதான் குறை. ஊர் உங்களுடையது, வீடும் உங்களுடையது என்பதால், தேதி முதல் சாப்பாடு வரை சில முடிவுகளை நீங்களே எடுக்க வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நோக்கத்தோடுதான் எழுதப்பட்டுள்ளது.

நாள் குறிப்பது

பயணத்துக்கு எட்டு ஒன்பது மாதங்களுக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். தீபாவளிக்கு எல்லாரும் வர வேண்டும் என்பதே எல்லாப் பெற்றோரின் ஆசை. ஆனால் தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பெரும்பாலும் பள்ளி நடந்துகொண்டிருக்கும். பினாங்கில் மழை அதிகமாகப் பெய்வதும் அந்த மாதங்களில்தான். டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. ஆஸ்திரேலியப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜனவரி இறுதிவரை நீள்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கிறிஸ்துமஸையொட்டி இரண்டு வாரம் கிடைக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளும் ஆண்டிறுதி விடுமுறையில் இருக்கும். பினாங்கிலும் அப்போது மழை குறைந்துவிடும். ஆகவே, எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டுமானால் டிசம்பர் கடைசி இரு வாரங்களே பொருத்தமானவை. மெல்பர்னிலிருந்து வருபவர்கள் பொங்கல்வரை தங்க முடிந்தால், வாசலில் பானை வைக்கும் நாளைப் பேரப்பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். சில ஆண்டுகளில் தைப்பூசமும் ஜனவரியிலேயே வந்துவிடுவதால், நாட்காட்டியைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆண்டிறுதியில் விமானக் கட்டணம் ஏறிவிடும் என்பதால், "பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாமல், ஒரு தேதியைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. எல்லாரும் ஒரே நாளில் வந்திறங்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். லண்டன் குடும்பம் முதலில், மெல்பர்ன் குடும்பம் நான்கு நாள் கழித்து என்று வரும்போது, ஒவ்வொரு பேரப்பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேச உங்களுக்குச் சில நாட்கள் கிடைக்கும். கூட்டமாக இருக்கும் வீட்டில் அந்த வாய்ப்பு வராது.

கடப்பிதழும் வருகைப் படிவமும்

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உங்கள் மகன், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்திறங்கும்போது சட்டப்படி வெளிநாட்டவரே. வெளிநாட்டுக் கடப்பிதழோடு வருபவர்கள் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய மின்னிலக்க வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இந்த நடைமுறை 2024 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் மலேசிய நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு உண்டு. படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையப் பக்கம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையுடையது அன்று என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கைக்குழந்தைக்கும் தனிப் படிவம் வேண்டும். எல்லாருடைய கடப்பிதழும் வருகை நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

வருபவர்கள் பயணக் காப்புறுதி எடுத்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் நாம் கொடுக்கும் சில வெள்ளிக் கட்டணம் வெளிநாட்டவருக்குப் பொருந்தாது. காய்ச்சல் வந்த குழந்தையோடு இரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது பணக் கணக்குப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

மருத்துவரிடம் ஒரு முறை

உறவினர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விருந்து நாட்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மருந்துகள் இடையில் தீர்ந்துபோகாத அளவுக்குக் கையிருப்பு இருக்கட்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, கிளினிக்கின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு படியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, இன்னொன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பயணத்தின்போது உங்களோடு இருக்கும் மருமகளுக்கோ மருமகனுக்கோ இந்த விவரங்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டைத் தயார் செய்தல்

முழு வீட்டையும் வெள்ளையடிக்க வேண்டியதில்லை. குளியலறையில் வழுக்காத மிதியடியும் சுவரில் ஒரு பிடிகம்பியும் பொருத்துங்கள். அவை குழந்தைகளுக்கும் உங்களுக்கும் ஒருசேரப் பயன்படும். தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுப் பூந்தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்து வையுங்கள், ஏனெனில் கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சலுக்கு உள்ளூர், வெளியூர் என்ற பேதம் கிடையாது. உங்கள் படுக்கையறையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதில் நான் சற்று கண்டிப்பாகவே இருப்பேன். விருந்தினருக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது நம் பழக்கம்தான் என்றாலும், எழுபது வயதில் இரண்டு வாரம் தரையில் படுத்தால் இடுப்பு மூன்றாம் நாளே மறுத்துப் பேசும். இடம் போதாவிட்டால், பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நாள் வாடகைக்குக் கிடைக்கும் வீட்டை இளையவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

நேர வேறுபாட்டால் வரும் தூக்கக் குழப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பரில் லண்டன் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கிருந்து வரும் பிள்ளைகள் முதல் மூன்று நான்கு நாட்கள் நள்ளிரவில் விழித்திருந்து நண்பகல்வரை தூங்குவார்கள். அந்த நாட்களில் காலைப் பயணம் எதையும் வைக்காதீர்கள். மெல்பர்ன் அந்த மாதத்தில் மூன்று மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கு எட்டு மணிக்கு எழும் குழந்தை இங்கு விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து வந்து உங்கள் முன் நிற்கும். தாத்தா காப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்காரும் நேரம் அது. பெற்றோர் தூங்கிக்கொண்டிருக்க, துளசிக்குத் தண்ணீர் ஊற்றவும், அப்பம் வாங்கக் கடைக்கு நடக்கவும் அந்தக் குழந்தையைக் கூட்டிச் செல்லுங்கள். பயணத் திட்டத்தில் யாரும் எழுதி வைக்காத இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எந்தச் சுற்றுலா இடத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

வேன் வாடகை, தங்குமிடம், கூட்டு விருந்து ஆகிய பெரிய செலவுகளைப் பிள்ளைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டும். ஒரே மகள் தொடர்ந்து கணக்கு எழுதி, கேட்கக் கூச்சப்பட்டுத் தானே ஏற்றுக்கொள்ளும் நிலை வேண்டாம். நீங்கள் ஒரு செலவை மட்டும் உங்களுடையது என்று அறிவித்துவிடுங்கள். ஒரு நாள் வாழையிலைச் சாப்பாடாகவும் இருக்கலாம், பேரப்பிள்ளைகளுக்கான புத்தாடையாகவும் இருக்கலாம். ஓய்வூதியத்தில் வாழ்பவர் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க முயல்வதும் தவறு. எதற்குமே கொடுக்க விடாமல் அவரைத் தடுப்பதும் தவறு.

எங்கே போவது, எப்படிப் போவது

காலையில் ஓர் இடம், நண்பகலில் வீடு, மாலையில் விருப்பமிருந்தால் இன்னோர் இடம் என்பதே அடிப்படை விதி. பினாங்கில் பகல் வெயில் சாதாரணமாக முப்பது பாகையைத் தாண்டும். பதினொரு மணி முதல் நான்கு மணிவரை வெளியே அலையாமல் இருந்தாலே பாதிச் சோர்வு குறையும். இரண்டு நாள் சுற்றினால் மூன்றாம் நாள் வீட்டில் இருப்பது என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிட்டால், அந்த ஓய்வுக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

முதல் பயணமாக ஃபெரியைப் பரிந்துரைக்கிறேன். 1985-இல் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கார்கள் போவதற்கு ஃபெரியைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காலத்தில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் திருமணத்துக்கும் அதில் கடல் கடந்தவர்கள் நீங்கள். கார்களை ஏற்றிச் சென்ற பழைய பெரிய ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே போகலாம். பயணம் கால் மணி நேரம்தான். உட்கார்ந்தபடியே பாலத்தையும் துறைமுகத்தையும் காட்டிப் பேசலாம். கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்கள் இடிஎஸ் எனப்படும் விரைவு மின்சார ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தை அடைந்து, நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரித் துறைக்கு வந்துவிட முடியும் என்பதால், எல்லாரும் அங்கேயே சந்தித்துக்கொள்வது வசதியானது.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். லிட்டில் இந்தியாவில் குவீன் வீதியிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் 1833-இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயம் அதுவே. காலை பூசை நேரத்தில் அம்மனைத் தரிசித்துவிட்டு, பக்கத்துக் கடையில் தோசை சாப்பிட்டு, பூக்கடையையும் மளிகைக் கடையையும் பார்த்துக்கொண்டே நடந்தால் இரண்டு மணி நேரம் நன்றாகக் கழியும். கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே திடீரென்று ஒரு படி இறங்கும். கைத்தடி வைத்திருப்பவர் அருகில் பெரிய பேரன் ஒருவன் நடக்கட்டும். தேர் புறப்பட்ட வீதி, நகைக்கடை வைத்திருந்த உறவினர், நீங்கள் முதன்முதலில் சம்பளத்தில் புடவை வாங்கிய கடை ஆகியவற்றையெல்லாம் அந்த இடத்தில் நின்று சொன்னால், வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளும் நின்று கேட்பார்கள்.

பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கு வார நாளில், காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துப் போவது நல்லது. பள்ளி விடுமுறையில் பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். 1923 முதல் ஓடிவரும் அந்த மலை ரயில் 2011-இல் புதுப்பிக்கப்படும்வரை, பாதி வழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது ஒரே வண்டி நேராக உச்சிக்குச் செல்கிறது. மேலே அடிவாரத்தைவிடச் சில பாகை குளிர்ச்சி அதிகம். ஒரு மெல்லிய சால்வை போதும். முருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கும் அந்த உச்சியில் உட்காரவும் இடமுண்டு, நடக்க முடியாதவர்களுக்குப் பக்கி வண்டியும் கிடைக்கும்.

தண்ணீர்மலையில் ஒரு சிறு ஏற்பாடு தேவைப்படும். மேலேயுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்குப் 513 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வீம்புக்கு ஏறவே கூடாது. இளையவர்கள் மேலே போய்வரும்வரை, அதே சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயத்தில் நீங்கள் நிதானமாகத் தரிசனம் செய்துவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள தாவரவியல் பூங்காவில் மரநிழலில் உட்கார்ந்திருக்கலாம். 1884-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவின் பாதைகள் பெரும்பாலும் சமதளமானவை. குரங்குகள் உண்டு, பைக்குள் பிஸ்கட் இருந்தால் வெளியே எடுக்காதீர்கள்.

ஒரு முழு நாள் பயணம் வேண்டுமென்றால், வடக்கே கெடாவிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது; அதையொட்டிச் சரிவில் புக்கிட் பத்து பஹாட் சண்டி எனப்படும் பழங்கோயிலின் கல் அடித்தளம் உள்ளது. சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரத்தோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தும் பகுதி இது. முதலாம் இராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. தமிழர் இந்த மண்ணுக்கு வந்த கதை ரப்பர்த் தோட்டத்தோடு தொடங்கவில்லை என்பதைப் பேரப்பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அருகில் இல்லை. திரும்பும் வழியில், நீங்கள் பிறந்த தோட்டம் அந்தப் பக்கமாக இருந்தால் அங்கேயும் நிறுத்தச் சொல்லுங்கள். லயத்து வீடுகள் போய்ச் செம்பனையோ வீடமைப்போ வந்திருந்தாலும், கோயில் பல இடங்களில் இன்னும் நிற்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், நாசி கண்டாரும் பசெம்போரும் செண்டோலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பல மாத ஏக்கம். அவர்கள் ஆசை தீரச் சாப்பிடட்டும். சர்க்கரை உள்ளவர்கள் செண்டோலில் நாலு கரண்டி பகிர்ந்துகொண்டு, தங்கள் வேளைச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும். உணவகத்தில் இடம் கிடைக்கும்வரை மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

உறவினர் கூடும் நாள்

எல்லா உறவினரையும் தனித்தனியே வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது பெரியவர்களைக் களைப்படையச் செய்வதோடு, "அங்கே போனார்கள், இங்கே வரவில்லை" என்ற மனத்தாங்கலையும் உண்டாக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, திறந்த இல்ல உபசரிப்புப் போல எல்லாரையும் ஒரே இடத்துக்கு அழைத்துவிடுங்கள். நாற்பது பேருக்குள் என்றால் வீட்டு முன்புறத்தில் கூடாரம் போதும். அதற்கு மேல் போனால் ஆலய மண்டபத்தையோ சமூக மண்டபத்தையோ மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பிரதான சமையலைச் சமையல்காரரிடம் விட்டுவிடுங்கள். பாட்டியின் கையால் ஒரே ஒரு பண்டம் மட்டும் இருக்கட்டும், அதையும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து முதல் நாளே செய்துவிடலாம்.

முறுக்கு இதற்கு மிகவும் ஏற்றது. மாவைப் பாட்டி பிசைந்து, விரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணீர்" என்று சொல்லும்போது, எட்டு வயதுப் பேத்தியும் தன் விரலை அதே இடத்தில் அழுத்திப் பார்ப்பாள். உரலில் மாவை அடைத்து வாழையிலைத் துண்டின்மேல் பிழியக் கொடுத்தால், அவளுடைய முதல் முறுக்கு வட்டமாக வராமல் எழுத்துப்போல வளைந்து நிற்கும். அதை அழித்துவிடாமல் அப்படியே எண்ணெயில் போடுங்கள். அடுப்பருகே பெரியவர் மட்டும் நிற்க வேண்டும். தமிழ் சரியாகப் பேசத் தெரியாத குழந்தைக்கும் இந்த ஒரு மணி நேரத்தில் மாவு, உரல், சூடு, போதும் என்ற சொற்கள் தாமாகவே வந்துவிடும். பாடமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அவ்வளவு எளிதாக வராது.

விருந்து நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். இளைஞர் ஒருவர் வாசலில் நின்று வருபவர்களைத் தாத்தாவிடம் அழைத்துவந்து, "இவர் உங்கள் சின்னம்மா மகன், சுங்கை பட்டாணியிலிருந்து வருகிறார்" என்று காதருகே சொல்லட்டும்; பெயர் மறந்துபோகும் சங்கடம் இதனால் நீங்கும். காது மந்தமானவர்களை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா என்ற முறைகளை முன்தினமே சொல்லிக்கொடுத்து, பழைய புகைப்படங்களைக் காட்டிப் பழக்கப்படுத்துங்கள். ஒரு பெரிய தாளில் குடும்ப மரத்தை வரைந்து சுவரில் ஒட்டி, வருபவர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைத் தாங்களே எழுதும்படி பேனாவைக் கட்டித் தொங்கவிட்டால், மாலைக்குள் யாருக்கும் தெரியாதிருந்த இரண்டு மூன்று கிளைகளாவது அதில் சேர்ந்துவிடும்.

கதைகளைப் பதிவு செய்வதற்கு விருந்து நாள் ஏற்றதல்ல, சத்தம் அதிகமாக இருக்கும். அடுத்த நாள் காலையில், பேரப்பிள்ளை ஒருவர் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து இருபது நிமிடம் மட்டும் கேள்வி கேட்கட்டும். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பெரியவர்களால் பதில் சொல்ல முடியாது. எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், பள்ளிக்கு எப்படிப் போனீர்கள், கூலிப் பணத்தை யார் வாங்கிவந்தார்கள், பாட்டியை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று குறிப்பாகக் கேட்டால், பேச்சு நிற்காது.

நீங்கள் அங்கே போகும்போது

அடுத்த ஆண்டு நீங்களே போவதாக முடிவு செய்தால், ஆவணங்களை முதலில் சரிபாருங்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டுச் செயலி வழியாகப் பெற வேண்டும். பிரிட்டனுக்கும் 2025 ஜனவரி முதல் இத்தகைய அனுமதி தேவை. சிங்கப்பூருக்கு வருகைப் படிவத்தை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும், கட்டணமில்லை. கைத்தொலைபேசியில் முகத்தைப் படம் பிடிக்கும் வேலைகளை உள்ளூர் உறவினர் ஒருவர் அருகிலிருந்து செய்து தருவது நல்லது.

சக்கர நாற்காலி உதவியைக் கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பெரிய விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதற்கே அரை மணி நேரம் ஆகலாம். பயணச்சீட்டு வாங்கும்போதே, தவறினால் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது, விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். மருந்துகள் எல்லாம் கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு இருக்க வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். நேர வேறுபாட்டுக்கு ஏற்ப ஊசியையோ மாத்திரையையோ எப்போது மாற்றுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மெல்பர்னுக்குச் சுமார் எட்டு மணி நேரமும் லண்டனுக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரமும் ஆகும். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும் என்பதால், மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், கணுக்காலை மடக்கி நீட்டுவதும், தண்ணீர் குடிப்பதும் அவசியம்.

மகளுக்குப் பிடிக்கும் என்று கறிவேப்பிலைக் கொத்தைப் பெட்டியில் மறைத்து வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் கடுமையான அபராதம் விதிப்பார்கள். அங்கே போன பிறகும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது போன்ற ஒரு வேலையை உங்களுடையதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் வேலைக்குப் போனபின் மூடிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் பல பெரியவர்களை இரண்டாம் வாரத்திலேயே ஊருக்குத் திரும்ப நினைக்க வைக்கிறது.

கிளம்பும் வாரம்

புறப்படும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில் எந்தப் பயணமும் வேண்டாம். பெட்டி கட்டுவதற்கும், வாங்க மறந்த மசாலைத் தூளை வாங்குவதற்கும், சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் அந்த நேரம் வேண்டும். சின்ன மனஸ்தாபம் ஏதேனும் இருந்தால், சம்பந்தப்பட்டவரைத் தனியே அழைத்து, மற்றவர்கள் காதில் விழாமல் பேசி முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பிரச்சினை மூன்று நாடுகளுக்கும் பரவும்.

அவர்கள் இருக்கும்போதே வாராந்தரக் காணொளி அழைப்பின் நேரத்தைக் குறித்து, நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி பல குடும்பங்களுக்கு ஒத்துவரும். அப்போது லண்டனில் குளிர்காலத்தில் காலை ஒன்பது மணி, கோடையில் பத்து மணி; மெல்பர்னில் இரவு ஏழு அல்லது எட்டு மணி. டொரோன்டோவில் ஒரு பிள்ளை இருந்தால் இந்த நேரம் உதவாது. அவருக்காக ஞாயிறு காலை எட்டு மணியைத் தனியாக ஒதுக்குங்கள். அங்கே அது சனிக்கிழமை இரவு ஏழு அல்லது எட்டு மணியாக இருக்கும். மலேசியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால், மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர்கள் பக்கம்தான் நேரம் நகரும். அந்த மாற்றத்தை உங்களுக்கு நினைவூட்டும் பொறுப்பைப் பேரப்பிள்ளைகளில் மூத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.